ஸீக் ஆற்றங்கரையில் ஒரு சிற்றூர்



அயல்நாட்டு ஊர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால், லண்டன், பாரிஸ், பெர்லின் என்று பெரிய நகரங்களின் பெயர்களே நம் நாவில் வரும். இன்று நான் உங்களை அழைத்துச் செல்லப் போவது அப்படிப்பட்ட நகரம் ஒன்றுக்கு அல்ல. மூவாயிரத்துச் சொச்சம் மக்களே வாழும் ஒரு சிற்றூருக்கு. அதன் பெயர் ஹம். ஜெர்மனி நாட்டின் மேற்குப் பகுதியில், ஸீக் என்னும் ஆற்றின் ஓரத்தில் இருக்கிறது.

ஸீக் பெரிய ஆறு அன்று. மலைக்காட்டில் பிறந்து, சுமார் 155 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஓடி, பான் நகருக்கு அருகே ரைன் பேராற்றில் கலந்துவிடுகிறது. ஆற்றின் தெற்கே வெஸ்டர்வால்ட் என்னும் மேட்டுநிலம். குளிர் மிகுந்த பூமி. விளைச்சல் குறைந்த மண். உருளைக்கிழங்கும் கம்பு போன்ற ரை என்னும் தானியமுமே அக்காலத்து ஏழைகளின் உணவு. 1815ஆம் ஆண்டில் இந்தப் பகுதி பிரஷ்ய அரசின் ஆட்சிக்குள் வந்தது.

ஹம் ஊருக்குச் செல்பவர்கள் தேடிப் பார்ப்பது அரண்மனையை அல்ல, ஒரு வீட்டை. 1818ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் அந்த வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிரெடரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன் என்பது அக்குழந்தையின் பெயர். இன்று அந்த வீடு ஓர் அரும்பொருட்காட்சியகம்.

ரைஃபைசனின் தந்தையார் சில காலம் ஊர்த் தலைவராக இருந்தவர். ஆனால் பிள்ளை சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் நொடித்துப் போயிற்று. ஒன்பது பிள்ளைகளை வளர்க்கும் பாரம் தாயார் தலையில் விழுந்தது. மேல்நிலைப் பள்ளிக்கு அனுப்ப வசதி இல்லை. ஊர்த் தேவாலயத்துப் பாதிரியார்தான் சிறுவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். 17ஆம் வயதில் அவன் பட்டாளத்தில் சேர்ந்தான். கண்நோய் வந்ததால் அந்த வேலையும் நிலைக்கவில்லை. பிறகு அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர் வேலை. 1845ஆம் ஆண்டில், ஏறக்குறைய 27 வயதில், ஹம் ஊருக்குச் சற்றுத் தொலைவில் உள்ள வயர்புஷ் என்னும் வட்டாரத்துக்கு அவர் தலைவரானார்.

அவர் பொறுப்பேற்ற மறு ஆண்டே பஞ்சம் வந்தது. உருளைக்கிழங்கு நோயால் அழுகியது, தானியமும் பொய்த்தது. 1846, 1847 குளிர்காலத்தில் மக்கள் பட்டினி கிடந்தார்கள். அரசாங்கம் மாவு அனுப்பியது. ஆனால் ரொக்கப் பணம் கொடுப்பவர்களுக்கே விற்க வேண்டும் என்பது உத்தரவு. கையில் காசில்லாதவனுக்கு அந்த மாவு இருந்தும் இல்லாததுதானே!

ரைஃபைசன் உத்தரவைப் பார்க்கவில்லை, பசியைப் பார்த்தார். மாவைக் கடனாகவே கொடுத்தார். வசதியுள்ளவர்களை அழைத்துப் பணம் திரட்டினார். தானியம் வாங்கி, ஊருக்குப் பொதுவாக ரொட்டி சுடும் அடுப்பு வீடு ஒன்றைக் கட்டச் செய்தார். கடை விலையைவிட மலிவாக ரொட்டி கிடைத்தது. பின்னால் பணம் கொடுக்கலாம் என்று ஏழைகளுக்குத் தவணையும் கிடைத்தது. அந்த அடுப்பு வீட்டின் நினைவை வயர்புஷ் ஊரார் இன்றும் போற்றுகிறார்கள். அவ்வூரின் பார்க்கத் தக்க இடங்களில் அதுவும் ஒன்று.

1848இல் அவர் பிளாமர்ஸ்ஃபெல்ட் என்னும் அடுத்த வட்டாரத்துக்கு மாற்றப்பட்டார். அங்கே பசியைவிடப் பெரிய நோய் ஒன்று இருந்தது. அதுதான் கடன். உழவனுக்கு மாடு வேண்டும். மாடு வாங்கப் பணம் இல்லை. வட்டிக்காரர் தம் மாட்டை அவன் கொட்டிலில் கட்டுவார். தீனி போடுவது உழவன். மாடு வட்டிக்காரருக்குச் சொந்தம். கன்று விற்ற பணத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. ஆண்டுகள் ஓடும், உழவன் கையில் கயிறுதான் மிஞ்சும்.

நேயர்களே, இது நமக்குப் புரியாத கதையா? சம்பள நாளன்று கடைக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பியவர்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! நாடு வேறு, மொழி வேறு. கடன்காரனின் கவலை மட்டும் எங்கும் ஒன்றுதான்.

1849இல் ரைஃபைசன் அங்கே ஓர் உதவிச் சங்கம் அமைத்தார். வசதியுள்ள 60 பேர் ஒன்றுசேர்ந்து பிணை நின்றார்கள். சங்கம் மாடுகளை வாங்கி உழவர்களுக்குக் கொடுத்தது. ஐந்து ஆண்டுகளில் தவணையாகப் பணத்தைக் கட்டிவிட்டால் மாடு உழவனுக்கே சொந்தம். அவர் தங்கிப் பணியாற்றிய வீடும் இன்று காட்சியகமாக இருக்கிறது.

பிறகு 1852இல் ரைன் ஆற்றங்கரையில் உள்ள ஹெட்டெஸ்டார்ஃப் என்னும் ஊருக்குத் தலைவரானார். அங்கேயும் 1854இல் ஒரு தருமச் சங்கம் தொடங்கினார். இங்கேதான் அவர் வாழ்க்கையின் பெரிய பாடத்தைக் கற்றார். பணக்காரர்கள் தொடக்கத்தில் ஆர்வத்தோடு வந்தார்கள். நாளடைவில் ஆர்வம் குறைந்தது, ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். தருமம் கொடுப்பவர் மனத்தை நம்பி நிற்கிறது. மனம் மாறினால் தருமமும் நின்றுவிடுகிறது.

ஆகவே, 1864இல் அவர் அடிப்படையையே மாற்றினார். கடன் கேட்பவன் வெளியே கைநீட்டி நிற்கக் கூடாது. அவனே சங்கத்தின் உறுப்பினனாக வேண்டும் என்றார். சேமிப்பவரும் அவர்களே, கடன் வாங்குபவரும் அவர்களே, ஒருவருக்கொருவர் பிணையாக நிற்பவரும் அவர்களே. ஒருவன் கட்டத் தவறினால் எல்லாரும் பொறுப்பு. ஆகையால் யாருக்கு, எதற்காகக் கடன் கொடுக்கிறோம் என்பதை எல்லாரும் கவனித்தார்கள். சங்கம் ஊர் எல்லையைத் தாண்டாது. ஒருவர் குணம் ஒருவருக்குத் தெரிந்த இடத்தில்தான் நம்பிக்கை முதலாகும். நிர்வாகிகளுக்குச் சம்பளம் இல்லை. கணக்கருக்கு மட்டுமே ஊதியம்.

இதற்குள் ரைஃபைசனின் பார்வை மிகவும் மங்கிவிட்டது. 1863இல் மனைவியையும் இழந்தார். 1865இல் உடல்நலக் குறைவால் பதவியை விட்டார். மூத்த மகள் அமாலியாதான் அவருக்குப் படித்துக் காட்டினாள்; அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். 1866இல் கடன் சங்கங்களைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. அதைப் படித்து ஊருக்கு ஊர் சங்கங்கள் தோன்றின. 1888ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் அவர் கண்மூடியபோது, நானூறுக்கும் மேற்பட்ட சங்கங்கள் அவர் வழியில் நடந்துகொண்டிருந்தன.

ஹம் ஊரிலிருந்து ரைன் கரையிலுள்ள நொய்வீட் நகர் வரை செல்லும் சாலைக்கு இன்று ரைஃபைசன் சாலை என்று பெயர். விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்ல வழி வேண்டும் என்று அவர் தலைவராக இருந்தபோது அந்தப் பாதையைச் செப்பனிடப் பாடுபட்டார். பிறந்த வீடு, ரொட்டி அடுப்பு, பணியாற்றிய வீடு ஆகியவற்றைப் பயணிகள் அந்தச் சாலை வழியே சென்று பார்க்கிறார்கள்.

அந்தச் சாலை நம் வரைக்கும் நீண்டது என்றால் வியப்பாக இருக்கிறதா? சென்னை அரசாங்கம் பிரெடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியிடம், உழவர் கடனுக்கு என்ன வழி என்று ஆராயச் சொல்லியது. 1895இலும் 1897இலும் அவர் அறிக்கை கொடுத்தார். ரைஃபைசனைப் போன்ற ஒருவரைக் கண்டுபிடியுங்கள் என்பதே அதன் சாரம். 1904இல் இந்தியாவில் கூட்டுறவுச் சட்டம் வந்தது. 1922இல் மலாயாவிலும் அத்தகைய சட்டம் வந்தது.

1960இல் நம் நாட்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலம் அது. துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று, பாட்டாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்க்கச் சொன்னார். அந்தச் சிறு பணத்தில்தான் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் முதலாவதாக வாங்கப்பட்டது. பால்வெட்டிய கைகள் தோட்டத்துக்குப் பங்குதாரர் ஆயின.

2016ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம், ஜெர்மனி நாட்டின் முயற்சியால், கூட்டுறவு என்னும் கருத்தையும் அதன் நடைமுறையையும் மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

தாய்மார்களே, பெரியோர்களே! சங்கம் என்றால் கடன் வாங்கும் இடம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போங்கள். கணக்கைக் கேளுங்கள். புரியவில்லை என்றால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை அருகில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். பார்வை மங்கிய ரைஃபைசனுக்கும் அவர் மகள்தான் படித்துக் காட்டினாள். உறுப்பினர் கண் மூடினால் சங்கமும் இருட்டில்தான் இருக்கும்.