எவரும் கேட்டு வாராத பூனைகள்

(சிலமலை மஹல்லா ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் பேஷ் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)





சென்ற ஆண்டு இதே மேடையில் வட்டியைப் பற்றிப் பேசினோம். இவ்வாண்டு பூனைகளைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றவுடன் நிர்வாகிகளில் சிலர் புன்னகைத்தனர். புன்னகைக்கட்டும். ஆனால் உங்கள் கையிலுள்ள ஆண்டறிக்கையின் செலவுப் பட்டியலில், 'மதரஸா பின்கட்டு: மீன், அரிசி, மருந்து' என்று ஒரு வரி அச்சாகியிருக்கிறது. அது என்ன செலவு என்று கேட்டவர்கள் உண்டு. ஜமாஅத்தின் பணம் அமானிதம். கேட்டவருக்கு விடை சொல்வது நம் மீது கடமை.

முதலில் நம் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். மூன்றாண்டுகளுக்கு முன் பின்னங்கால் ஊனமான ஒரு தாய்ப்பூனை ஹவுளின் ஓரத்தில் தங்கியது. உளூச் செய்ய வருவோர் முகம் சுளித்தனர். விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மலையேறும் ஜீப் ஒன்றில் அதனை அனுப்பிவிடலாம் என்று ஒருவர் யோசனை கூறினார். தோட்டத்தில் எலி மிகுதி, பிழைத்துக்கொள்ளும் என்றார். நாமும் தலையசைத்தோம். பின்னர் விசாரித்தபோது, காய் உலர்த்தும் ஸ்டோரின் அருகே இரண்டு நாள் அதனைக் கண்டதாகவும், பிறகு காணவில்லை என்றும் அந்தப் பெண்கள் கூறினர். மலைக் குளிரும் மழையும் அறியாத, மூன்று காலில் நடந்த ஒரு ஜீவன் அது. உணவும் கொடாமல், தானே இரை தேட விடவும் செய்யாமல் ஒரு பூனையைக் கட்டி வைத்த பெண்ணுக்கு நேர்ந்த கதியை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு ஹதீஸ் பாடத்தில் ஓதிக்கொடுப்பவர் நாம். நாம் கட்டி வைக்கவில்லை, அனுப்பித்தானே வைத்தோம் என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தோம். மனம் ஏற்கவில்லை.

கடந்த ஐப்பசியில் மழை கொட்டிய ஓர் இரவு கழிந்து, சுப்ஹுக்கு மோதினார் கதவைத் திறந்தபோது வாசற்படியில் ஒரு சாக்கு அசைந்தது. உள்ளே ஆறு குட்டிகள். அவற்றை ஜீப்பில் ஏற்ற இம்முறை நாம் உடன்படவில்லை. மதரஸாவின் பின்கட்டில் பயனின்றிக் கிடந்த விறகு அறைக்குக் கம்பி வலை அடித்தோம். அஸருக்குப் பின் இருவர் இருவராக மாணவர்கள் முறை வைத்துக்கொண்டனர்.

இதில் புதுமை ஏதும் இல்லை. எகிப்தை ஆண்ட சுல்தான் பைபர்ஸ் (ஆட்சிக் காலம் 1260 முதல் 1277 வரை) கெய்ரோ நகருக்கு வடக்கே தாம் கட்டிய பள்ளிவாசலின் அருகே ஒரு தோட்டத்தை, ஆதரவற்ற பூனைகளின் உணவுக்கென்று வக்ஃபு செய்து சென்றார். 1836இல் வெளிவந்த தம் நூலில் எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் இதனை எழுதியிருக்கிறார். அத்தோட்டம் கைமாறிக் கைமாறி விற்கப்பட்டு, வருமானம் ஏறக்குறைய இல்லை என்றாகிவிட்டது. வக்ஃபு நிலங்களின் கதை எங்கும் ஒன்றுதான் போலும்! ஆயினும் காஜியார் அந்தப் பொறுப்பைக் கைவிடவில்லை. நாள்தோறும் அஸர் வேளையில் நீதிமன்ற முற்றத்தில் பூனைகளுக்கு உணவு இடப்பட்டு வந்தது. அதே நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. வீட்டில் பூனை வேண்டாம் என்று கருதியவர்கள் அதனைக் கொண்டுவந்து காஜியாரின் முற்றத்தில் விட்டுவிட்டுப் போவார்களாம். இதைப் படித்தபோது நம் வாசற்படிச் சாக்கு நினைவுக்கு வந்து, நம்மையறியாமல் சிரித்துவிட்டோம்.

நம் காலத்தில் சிரியாவின் அலெப்போ நகரில் முஹம்மது அலாஉ என்ற மின்பணியாளர், போரின்போது காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸை ஓட்டிக்கொண்டே, ஊரைவிட்டுப் போனவர்கள் விட்டுச் சென்ற பூனைகளையும் காத்தார். 2016இல் அவரது புகலிடம் குண்டுவீச்சில் அழிந்தது. அடுத்த ஆண்டே நகருக்கு மேற்கே மீண்டும் தொடங்கினார். அதில் குழந்தைகள் விளையாட இடமும் அமைத்தார். மனிதர்கள் மடிகின்றபோது பூனைகளா என்று கேட்போருக்கு, அவர் இரண்டையும் செய்தார் என்பதே விடை. நம் தமிழகத்திலும் சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு இப்பணியைச் செய்து வருகிறது.

மீண்டும் நம் பின்கட்டுக்கு வருவோம். ஆறு குட்டிகளில் நான்கு விரைவிலேயே இடம் பெற்றன. ஏலக்காய்க் கிடங்குக்காரர்கள் எலிக்காகக் கேட்டு வாங்கிச் சென்றனர். எஞ்சியவை இரண்டு, தெருவிலிருந்து தானே வந்து சேர்ந்த கிழப்பூனை ஒன்று. ஆக மூன்று. இம்மூன்றையும் எவரும் கேட்டு வரவில்லை.

கிழப்பூனை கறுப்பு, ஒற்றைக் கண். ஒரு வணிகர் இரக்கப்பட்டு அழைத்துச் சென்றார். நான்காம் நாளே திரும்பக் கொண்டுவந்தார். காலையில் ஏலத்துக்குப் புறப்படும்போது ஒற்றைக் கண் கறுப்பு எதிரே வருவது சரியில்லை என்று பங்காளி சொன்னாராம். சகுனம் பார்ப்பது நமக்குத் தடுக்கப்பட்டது என்று அவரிடம் சொன்னோம். "எனக்குத் தெரியும் ஹஜ்ரத், பங்காளிக்குத் தெரியவில்லையே" என்றார். அந்தப் பூனையோ எவ்வித மனத்தாங்கலுமின்றித் தன் பழைய சாக்கில் ஏறிப் படுத்துக்கொண்டது.

இரண்டாவது வெள்ளை, இரு கண்களும் நீலம். இத்தகைய பூனைகளில் பல பிறவியிலேயே செவிடு என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தோம். தன் குரலே தனக்குக் கேளாததால் நடுநிசியில் பெருங்குரலில் கத்தும். வண்டிச் சத்தம் அறியாது. எந்த வீட்டார் ஏற்பர்? பிள்ளைகள் ஒரு வழி கண்டனர். தரையைத் தட்டினால் அதிர்வை உணர்ந்து திரும்புகிறது. இப்போது இருமுறை தட்டினால் உணவு என்று அதற்குத் தெரியும்.

மூன்றாவதுதான் நமக்குப் பாடம் நடத்தியது. குட்டிகள் பிறந்து இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை மனிதரின் கை பழக வேண்டும். அக்காலம் தவறினால் அச்சம் வேரூன்றிவிடும். இது எப்படியோ தவறிய குட்டி. கதவைத் திறந்தால் சீறும், மூலையில் ஒடுங்கும். பிள்ளைகள் அதன் மீது கை வைக்க முயன்று கீறல் பட்டனர். கீறலோ கடியோ பட்டால் பதினைந்து நிமிடம் சோப்பு நீரால் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். பூனையாலும் அந்நோய் வரும். இதில் அலட்சியம் கூடாது.

மக்தபில் ஒரு சிறுவன் இருக்கிறான். பெயர் வேண்டாம். உஸ்தாது முன் ஓத நின்றால் நாக்குத் திக்கும். மற்றப் பிள்ளைகள் சிரிப்பர். அவன் தன் முறை நாளில் அந்த அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மனனப் பாடத்தைத் தனக்குத்தானே ஓதிக்கொண்டிருப்பதைக் கண்டோம். முஸ்ஹஃபை அங்கே கொண்டுபோக வேண்டாம் என்று மட்டும் சொன்னோம். அதன்பின் பள்ளிக்கூடத் தமிழ்ப் புத்தகத்தையும் கொண்டுபோய் வாசித்தான். பூனையை அவன் நோக்கவில்லை, அழைக்கவுமில்லை. நாற்பது நாட்களுக்கு மேல் ஆயிற்று. ஒரு நாள் அது அவன் முழங்காலில் தலையை முட்டிவிட்டு, தானே அஞ்சியது போல் ஓடிவிட்டது. அச்சிறுவன் நம் அறைக்கு ஓடிவந்து அச்செய்தியைச் சொன்னான். சொல்லும்போது அவன் திக்கவில்லை என்பதை அவன் போன பிறகுதான் நாம் உணர்ந்தோம். உஸ்தாது முன் இன்னும் திக்கத்தான் செய்கிறான். அதை மறைக்க விரும்பவில்லை.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு விலங்குப் புகலிடம் 2013இல் இதையே ஒரு திட்டமாகத் தொடங்கியது என்று பின்னர் அறிந்தோம். பிள்ளைகள் பூனைகளின் அருகே அமர்ந்து நூல் வாசிப்பார்களாம். பூனையை நோக்கி மெதுவாகக் கண் மூடித் திறந்தால் அது நெருங்க முற்படும் என்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020இல் ஆய்ந்து சொல்லியிருக்கின்றனர். நாமும் முயன்றோம். கிழப்பூனை தன் ஒற்றைக் கண்ணால் மறுமொழி சொன்னது.

தாய்மார்களுக்குச் சில செய்திகள். காய்ச்சல் என்று எண்ணிப் பூனைக்குப் பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை அதன் உயிரைப் போக்கும். பசும்பால் பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும். குடிக்கத் தண்ணீரே போதும். ஐந்தாறு மாதத்திலேயே பெண்பூனை சினைப்படும். ஏறத்தாழ 65 நாளில் ஈனும். சாக்குகள் நிறைவது இதனால்தான். கருத்தடை கூடுமா என்று சிலர் கேட்டனர். பயன் கருதியோ தீங்கைத் தவிர்க்கவோ செய்வதற்கு நம் ஹனஃபி ஃபிக்ஹு நூல்கள் இடமளிக்கின்றன. ஊரிலுள்ள பெண்பூனைகளுக்கு மருத்துவரிடம் கருத்தடை செய்விக்க, வரும் ஆண்டின் கணக்கில் ஒரு தொகை ஒதுக்குமாறு நிர்வாகத்தை இம்மேடையிலேயே வேண்டுகிறோம். மீன் செலவைவிட அது குறைவாகவே முடியும்.

சாக்கைக் கொண்டுவந்து வைத்தவர் இக்கூட்டத்திலும் இருக்கலாம். அவர் யாரென்று நாம் தேடவில்லை, தேடவும் மாட்டோம். இனி இரவில் வைக்க வேண்டாம். பகலில் வந்து கதவைத் தட்டுங்கள். தாய்ப்பூனை எங்கே என்று மட்டும் கேட்போம். அதுவும் உடன் இருந்தால் குட்டிகள் பிழைக்கும்.

கூட்டம் முடிந்ததும் பின்கட்டைப் பார்க்க விரும்புவோர் வரலாம். இருவர் இருவராக வாருங்கள். சீறும் பூனையை நேரே நோக்க வேண்டாம். வெள்ளைப் பூனை வாசலருகே உறங்கிக்கொண்டிருக்கும். தரையை இருமுறை தட்டிவிட்டு உள்ளே வாருங்கள்.