ஆங்கிலச் சொற்களின் சேர்க்கை வழக்கு

(நமது சங்கத்து மாணவர் விடுதியின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆங்கிலத்தைப் பற்றித் தமிழிற் பேச யான் எழுந்தது சிலர்க்கு நகைப்பை விளைவிக்கலாம். ஆயினும், இவ்விடுதியிற் பயிலும் பிள்ளைகளிற் பலர் வயலிலும் தறியிலும் உழைக்கும் பெற்றோரின் மக்களாவர். வீட்டில் ஆங்கிலம் அவர்கள் செவியில் விழுவதில்லை. புத்தக வாயிலாகவே அதனைப் பெறல் வேண்டும். ஆதலின் நாம் காட்டும் வழி செவ்விய வழிதானா என்று ஆராய்தல் நம் கடமையாகின்றது.

என் தமக்கை மகன் ஒருவன் நாளொன்றுக்குப் பத்துச் சொல்லாக ஓராண்டு முழுவதும் அகராதியை நெட்டுருப் பண்ணினான். மூவாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் அவன் நாவில் நின்றன. பின்னர் ஓர் உத்தியோகத்திற்காக நேர்முகத் தேர்வுக்குச் சென்றவன், ‘ஐ டிட் எ மிஸ்டேக்’ என்றும், ‘ஸ்ட்ராங் ரெயின்’ பெய்தமையால் வரத் தாமதமாயிற்று என்றும் கூறினான். கேட்டிருந்தோர் ஒருவரையொருவர் நோக்கி முறுவலித்தனர். வேலை கிடைக்கவில்லை. அதற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம். அவனோ அம்முறுவலையே எண்ணியெண்ணி ஆறு மாதம் ஆங்கிலத்தில் வாய் திறவாதிருந்தான். அச்சொற்பட்டியலை அவன் கையிற் கொடுத்தவன் யானே என்பதை இச்சபையில் ஒப்புக்கொள்ளுகிறேன்.

அவன் பேச்சில் அறியாத சொல் ஒன்றேனும் உண்டோ? இல்லை. எச்சொல் எச்சொல்லோடு கூடும் என்பதே அவன் அறியாதது. ஆங்கிலேயர் ‘மிஸ்டேக்’ என்பதனோடு ‘மேக்’ என்பதையும், ‘ஹோம் ஒர்க்’ என்பதனோடு ‘டூ’ என்பதையும், ‘கிரைம்’ என்பதனோடு ‘கமிட்’ என்பதையும் சேர்ப்பர். நமக்கு மூன்றிடத்தும் ‘செய்தல்’ ஒன்றே போதும். மழை அவர்க்கு ‘ஹெவி’, தேநீரோ ‘ஸ்ட்ராங்’. ஏன் என்று வினவினால், வழக்கு என்பதன்றி வேறு விடை கிடையாது.

இஃது ஆங்கிலத்திற்கு மட்டும் உரிய கோணலன்று. நாம் பூக் கொய்கிறோம், கீரை ஆய்கிறோம், கதிர் அறுக்கிறோம். ஆடை நெய்தல், பாய் முடைதல், மாலை தொடுத்தல் என்கிறோம். அயலான் ஒருவன் ‘மாலை நெய்தேன்’ என்றால் பொருள் விளங்கும், நகைப்பும் வரும். யானை பிளிறும், குதிரை கனைக்கும் என்பவற்றை நாம் அகராதியைப் பார்த்தா கற்றோம்? கன்று, குட்டி, பறழ் முதலிய இளமைப் பெயர்கள் இன்ன இன்ன உயிர்க்கு உரியவை என்று வகுத்துக் கூறத் தொல்காப்பியத்தில் மரபியல் என ஓர் இயலே இருக்கின்றது.

நம் பிள்ளைகள் வழுக்கும் இடமும் இங்கேதான். தமிழில் நம்மைச் சளி பிடிக்கின்றது. ஆங்கிலத்தில் மனிதன்தான் சளியைப் பிடிக்கிறான். நாம் கனவு காண்கிறோம். அவர்கள் கனவை உடையராகின்றனர். நாம் மருந்து சாப்பிடுகிறோம். அவர்கள் ‘டேக்’ என்று எடுத்துக்கொள்ளுகின்றனர். தமிழை மனத்தில் வைத்துச் சொல்லுக்குச் சொல் மாற்றுவோன் எவ்வளவு கற்றோனாயினும் இவ்விடங்களில் தவறாதிருத்தல் அரிது.

இக்குறையை முதலில் நன்கு ஆராய்ந்தவர்களுள் ஒருவர் ஹெரால்டு பாமர் என்னும் ஆங்கிலேயர். அவர் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தலைப் பற்றி ஆராயும் கழகத்தை நடத்தியவர். இத்தகைய சொற்சேர்க்கைகளைத் திரட்டி 1933-இல் தோக்கியோவில் ஓர் அறிக்கை வெளியிட்டார். அவருடன் உழைத்த ஹார்ன்பி என்பார் கற்போர்க்கென்றே தொகுத்த அகராதி 1942-இல் அங்கே வெளிவந்து, 1948-இல் ஆக்ஸ்போர்டு பதிப்பாயிற்று. சொற்சேர்க்கைக்கென்றே தனி அகராதியும் 2002-இல் ஆக்ஸ்போர்டிலிருந்து வந்துள்ளது. நம் வாசகசாலையில் அஃது இல்லை. காரியதரிசி அவர்கள் மனம் வைக்க வேண்டும்.

நிற்க. பிள்ளைகள் செய்யத்தக்கது யாது? புதுச் சொல்லைத் தனியே எழுதாதீர்கள். பெயர்ச்சொல் ஒன்றை நடுவில் எழுதி, அதற்கு முன் வரும் வினையையும் அடையையும் நீங்கள் படிக்கும் பாடத்திலிருந்தே எடுத்துச் சேருங்கள். ‘டிஸிஷன்’ என்று எழுதினால் ‘மேக்’, ‘ரீச்’ என்னும் வினைகளும், ‘பைனல்’, ‘டிபிகல்ட்’ என்னும் அடைகளும் அருகே நிற்கட்டும். நாளொன்றுக்கு மூன்று போதும். ஆனால் மூன்றையும் முழு வாக்கியமாக வாய்விட்டுச் சொல்லல் வேண்டும். ஒரு பொருளுக்குப் பத்துச் சொற்களை வரிசையாக அடுக்கித் தரும் கையேடுகளை மட்டும் நம்பாதீர்கள். அவை ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைக்கலாம் என்னும் மயக்கத்தை உண்டாக்கும்.

ஆண்டுதோறும் அதிகச் சொற்களை ஒப்பிப்பவருக்கு நாம் வழங்கும் பரிசையும் மாற்றுதல் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறேன். அப்பரிசை ஏற்படுத்தினவர்களுள் யானும் ஒருவனாதலால், இதனால் எவரும் மனம் வருந்தார் என நம்புகிறேன். இனி, தன் குறிப்பேட்டிலிருந்து நல்ல சேர்க்கைகளை எடுத்து ஒரு பக்கக் கடிதம் எழுதுவோர்க்கு அது செல்லட்டும்.

என் தமக்கை மகன் இப்போது வேறோர் அலுவலில் அமர்ந்திருக்கிறான். ஞாயிறு மாலைதோறும் இவ்விடுதிக்கு வந்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காருபவன் அவனே. இச்சபையின் பின்வரிசையிலும் இருக்கிறான். குறிப்பேடு தொடங்கியவர்கள் கூட்டம் முடிந்தபின் அவனிடம் காட்டலாம்.