டார்வின் காற்றும் ஆழியாற்றுத் தண்ணீரும்



வைகாசி பிறந்துவிட்டால் பொள்ளாச்சிச் சந்தையில் தேங்காய் விலைக்கு அடுத்தபடியாக அடிபடுகிற பேச்சு ஒன்றுதான். "ஏனுங்க, இந்த வருசம் மழை எப்படிங்க?" கேட்காமல் என்ன செய்வார்கள்? மேலே சோலையாறு, பரம்பிக்குளம் அணைகள் நிறைந்தால்தான் கீழே திருமூர்த்தி அணைக்குத் தண்ணீர். அப்போதுதான் நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறைவைத்து விடும் பாசனத்தில் அவரவர் முறை தவறாமல் வரும்.

இந்தக் கேள்விக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆராய்ச்சி மையம் பருவம் தொடங்குமுன்பே மாவட்ட வாரியாக, மில்லிமீட்டர் கணக்கில் ஒரு மதிப்பீடு வெளியிட்டுவருகிறது. அந்தக் கணக்கு எதை வைத்துப் போடப்படுகிறது தெரியுமா? 'தென் அலைவுக் குறியீடு' என்கிற எண்ணையும், கடல்பரப்பின் வெப்பநிலையையும் வைத்து. ஆஸ்திரேலியாவின் வடகரையில் இருக்கும் டார்வின் நகரத்திலும், பசிபிக் கடல் நடுவே பிரெஞ்சு ஆளுகையில் இருக்கும் தஹிதி தீவிலும் காற்றழுத்தம் அளக்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து பிறப்பதுதான் அந்த எண். கணக்குப் போடும் 'ரெயின்மேன்' மென்பொருளும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததே. ஆனைமலையில் பெய்யப்போகிற மழைக்கு ஆதாரம் அத்தனை தூரத்தில் இருக்கிறது.

இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்த வேலை நடந்தது நம் நாட்டில்தான். இந்திய வானிலைத் துறை 1875இல் தொடங்கியது. மறு ஆண்டே தாது வருசப் பஞ்சம். பருவமழை பொய்க்கப்போவதை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்ற கேள்வி அரசுக்கு அன்றே தலைவலியாகிவிட்டது. 1904இல் துறைத் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் வானிலைக்காரரே அல்ல, கேம்பிரிட்ஜில் படித்த கணித மேதை. உலகின் பல மூலைகளிலிருந்து காற்றழுத்தம், வெப்பம், மழை எனப் பல ஆண்டுப் பதிவுகளைத் திரட்டினார். இந்திய எழுத்தர்களை உட்காரவைத்துக் கையாலேயே ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கணக்குப் போடச் செய்தார். பசிபிக்கின் ஒரு பக்கம் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது என்று கண்டு, அதற்குத் தென் அலைவு என்று பெயரும் வைத்தார். அவர் தேடிவந்த பருவமழைச் சூத்திரம் மட்டும் கைக்கு எட்டவில்லை. பெரு நாட்டுக் கடற்கரையில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடல் சூடாகும் எல் நினோவும் வாக்கரின் அலைவும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று 1969இல் வானிலை அறிஞர் பியர்க்னெஸ் விளக்கினார்.

கவனியுங்கள், ஊர் ஊராக யாரோ தினமும் பாதரசத்தைப் பார்த்து எழுதிவைத்திராவிட்டால் வாக்கருக்கு வேலையே இருந்திருக்காது. எல்லோரும் ஒரே முறையில் அளக்க வேண்டும், அளந்ததைப் பங்கிட வேண்டும் என்று பல நாட்டு வானிலையாளர்கள் 1873இல் வியன்னாவில் கூடிப் பேசினார்கள். அந்த ஏற்பாட்டின் தொடர்ச்சிதான் 1950இல் உருவான உலக வானிலை அமைப்பு. இன்று அதில் 193 உறுப்பினர்கள். எல்லையில் முறைத்துக்கொள்ளும் நாடுகள்கூட வானிலைத் தகவலைக் கொடுத்து வாங்குகின்றன. இதைப் பெருந்தன்மை என்று நான் சொல்லமாட்டேன். அடுத்தவன் அளவு இல்லாமல் தன் நாட்டு மழையைச் சொல்ல முடியாதே!

இந்தத் தகவல் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்த கதைதான். எல் நினோவைக் கவனிக்க பசிபிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதியில் ஏறக்குறைய 70 மிதவைகளை நங்கூரமிட்டு, 1994இல் அந்த வரிசையை முடித்தார்கள். 2012இல் அவற்றைப் பழுதுபார்த்துவந்த அமெரிக்கக் கப்பலைப் பணப் பற்றாக்குறையால் நிறுத்திவிட்டார்கள். இரண்டே ஆண்டில் வரவேண்டிய தகவலில் பாதிகூட வரவில்லை. அதுவும் எப்போது? புதிய எல் நினோ வருமா என்று உலகமே கேட்டுக்கொண்டிருந்த 2014இல். பிறகு பல நாடுகள் கூடி அந்தக் கண்காணிப்பையே புதிதாகத் திட்டமிட வேண்டியதாயிற்று.

நம் பக்கத்து இந்தியப் பெருங்கடலிலும் இந்தியா, அமெரிக்கா, ஜப்பான் முதலிய நாடுகள் சேர்ந்து மிதவைகள் போட்டிருக்கின்றன. மிதவையின் நிழலில் மீன் கூடும், மீனைத் தேடிப் படகு வரும், கருவி உடையும். யாரைக் கோபித்துக்கொள்வது? இவை போக 'ஆர்கோ' என்னும் தானியங்கி மிதவைகள் சுமார் 4,000 உலகக் கடல்களில் உலவுகின்றன. பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழம்வரை போய், வெப்பத்தையும் உப்பையும் அளந்துகொண்டு மேலே வந்து செயற்கைக்கோளுக்குச் சொல்லிவிட்டு மறுபடி மூழ்கும். நமக்காக ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் மையம் இந்தப் பணியைக் கவனிக்கிறது.

இத்தனையும் இருந்தும் கணிப்பு தவறுவதுண்டு. 1997இல் நூற்றாண்டின் பெரிய எல் நினோ வந்தது. இந்தியப் பருவமழையோ வழக்கம்போலப் பெய்தது. 2002இல் அதைவிடச் சிறிய எல் நினோவுக்கு நாடே வறண்டது. நம் கடலிலேயே மேற்கும் கிழக்கும் மாறி மாறிச் சூடாகி மழையை மாற்றும் இன்னொரு ஊசல் இருப்பதை 1999இல் இந்திய, ஜப்பானிய ஆய்வாளர்கள் சேர்ந்து எடுத்துக்காட்டிய பிறகுதான் 1997இன் புதிர் கொஞ்சம் அவிழ்ந்தது.

பொள்ளாச்சிக்காரர்களுக்குக் கடைசியாக ஒன்று. "எல் நினோ வருதாமாங்க" என்று யாராவது சொன்னால் உடனே மனம் தளர வேண்டாம். அது தென்மேற்குப் பருவத்தைக் குறைக்கப் பார்க்கும். அதனால் ஆனைமலை அணைகளுக்குக் கவலைதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவத்தைத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் கூட்டும். ஆகவே வாய்க்கால் தண்ணீரை நம்பும் தென்னந்தோப்புக்காரர் ஒரு கணக்கும், மானாவாரிக் காட்டுக்காரர் வேறொரு கணக்கும் போட வேண்டும். இரண்டு பருவத்துக்கும் மதிப்பீடு தனித்தனியாக வரும். இரண்டையும் கேட்டுவிட்டு விதையை எடுங்கள்.