மலைக்குள்ளே ஒரு பஞ்சாயத்து

மூணாறுக்குப் போகிறவர்கள் ராஜமலையில் வரையாடு பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதைத் தாண்டினால் பெட்டிமுடி. அதற்கும் உள்ளே, நம் வால்பாறை மலைகளை ஒட்டிய காட்டில் இருக்கிறது இடமலைக்குடி.

முதுவர் என்ற பழங்குடியினர் வாழும் ஊர். 'ஊர்' என்று சொன்னாலும், காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் இருபதுக்கும் மேற்பட்ட குடிகள்தான் அது. ஒவ்வொரு குடிக்கும் ஒரு தலைவர், அவருக்குக் காணி என்று பெயர். மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் நாங்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.

முன்பு இது மூணாறு பஞ்சாயத்தில் வெறும் ஒரு வார்டு. 2010-ல் தனியாகப் பிரித்தார்கள். கேரளத்தின் முதல் பழங்குடி கிராமப் பஞ்சாயத்து ஆனது. ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள்: பஞ்சாயத்து காட்டுக்குள்ளே, அதன் அலுவலகமோ பல வருஷம் தேவிகுளத்தில்! ஒரு சான்றிதழ் வேண்டுமென்றால் மலையிறங்கி வரவேண்டியிருந்தது. நோயாளியைக் கம்பில் போர்வை கட்டித் தூக்கிவந்த செய்திகளும் உண்டு.

இன்னொரு சங்கதி, இடமலைக்குடி இருக்கும் இடுக்கி மாவட்டத்தைப் பற்றியது. 1997-ல் குட்டம்புழை கிராமம் இடுக்கியிலிருந்து எறணாகுளம் மாவட்டத்துக்குப் போனதும், பரப்பளவில் கேரளத்தின் மிகப் பெரிய மாவட்டம் என்ற பட்டத்தை இடுக்கி பாலக்காட்டிடம் இழந்தது. 2023-ல் குட்டம்புழையிலிருந்து 12,718 ஹெக்டேருக்குச் சற்று மேலான நிலத்தை இடமலைக்குடி கிராமத்தோடு சேர்த்தார்கள். பட்டம் மறுபடி இடுக்கிக்கே வந்துவிட்டது. இத்தனைக்கும் எல்லைக்கல் இடம் மாறியது காகிதத்தில்தான். குடிகளுக்குள் நடந்து போகிற ஒற்றையடிப் பாதை அதே பாதைதான்.