பட்டை ரம்பத்தைப் பேணும் முறை

(பஞ்சாயத்து உறுப்பினரும் உழவரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாஞ்சில் நாட்டில் மரம் இல்லாத மனை அரிது. பலாவும் அயினியும் தென்னையும் நம் வீட்டுப் புறத்திலேயே வளர்கின்றன. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தில் ரப்பரையும் தென்னையையும் பெருவாரியாகச் சாய்த்ததை நாம் மறக்கவில்லை. விழுந்த மரத்தை விறகு விலைக்கு விற்காமல், மில்லில் பலகையாக அறுத்து வந்தால், கதவும் தொழுவத்துச் சட்டமும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பட்டறைகளில் 'பேண்ட்சா' என்று வழங்கும் பட்டை ரம்பம் இதற்குப் பெருந்துணை. ஆயினும் பேணாத ரம்பம் விரலுக்குப் பகை.

நாம் ஒரு முறை மழுங்கிய பட்டையால் தென்னங்கட்டையை அறுக்க முற்பட்டோம். கட்டை நகரவில்லை, பலங்கொண்டு தள்ளினோம். திடீரென அது விடுபட்டபோது, நமது கை ரம்பப் பல்லுக்கு இரு விரற்கடைத் தொலைவில் நின்றது. தென்னையின் வெளிப்புற வைரம் பல்லை விரைவில் மழுங்கச் செய்யும் என்பதை அன்று உணர்ந்தோம். மரத்தை வலிந்து தள்ள நேர்ந்தால், குறை ரம்பத்தில் உள்ளது என்றறிந்து உடனே நிறுத்த வேண்டும்.

இனிச் சீர்செய்யும் முறையைக் கூறுவோம். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுக. வழிகாட்டிக் கட்டைகளைத் தளர்த்தி விலக்கி, மேசைக்கு மேல் தெரியும் பற்கள் கீழ்நோக்கி இருக்குமாறு பட்டையைச் சக்கரங்களில் மாட்டுக. தொய்வு நீங்கும்வரை இறுக்குக. பின்பு மேல் சக்கரத்தைக் கையால் சுழற்றி, பட்டை சக்கரத்தின் நடுவே ஓடும்வரை அதன் சாய்வைத் திருத்துக. அதன் பின்னரே வழிகாட்டிகளை அணுக்குக. பட்டைக்கும் அவற்றுக்கும் இடையே ஒரு காகிதத்தின் கனம் போதும். பற்கள் அவற்றில் படலாகாது. முதுகுப்புறத்து உருளையும் வெறுமனே ஓடும்போது தொடலாகாது. அறுக்கும்போது மட்டும் தாங்க வேண்டும். மூலைமட்டம் வைத்து மேசையின் நேர்மையையும் பார்த்துக்கொள்க. மேல் வழிகாட்டி மரத்துக்கு அரை அங்குலத்துக்குள் நிற்கட்டும். மீதிப் பட்டை காப்பு மூடிக்குள் மறைந்திருக்கட்டும்.

கோடு ஒரு பக்கமாக ஓடினால், அப்பக்கத்துப் பற்களுக்கும் மறுபக்கத்துப் பற்களுக்கும் கூர்மையோ சாய்வோ ஒத்திருக்கவில்லை என்று கொள்க. மரம் கருகினால் பல் மழுங்கியிருக்கும், அல்லது பிசின் படிந்திருக்கும். பலா, ரப்பர் ஆகியவற்றின் பால் பல்லிடுக்கிலும் சக்கரத்து ரப்பர் வளையத்திலும் மரத்தூளுடன் ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கித் தூரிகையால் நீக்குக.

வளைய ரம்பம் என்னும் எண்ணம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் தோன்றிவிட்டது; ஆனால் பட்டையின் இணைப்பு நிலைக்கவில்லை. 1846இல் பிரான்சு நாட்டுக் கிரெபின் என்னும் அம்மையார் இணைப்பு முறையைச் செம்மை செய்த பிறகே அது பயனுக்கு வரலாயிற்று. இன்றும் இணைப்பே பட்டையின் உயிர்நிலை. மாட்டும்போதெல்லாம் அவ்விடத்தையும் பல்லின் அடியையும் உற்றுநோக்குக. கீறல் கண்டால் பட்டையை விலக்குக.

நம் மாவட்டத்துக்கு இரு பருவமழையும் உண்டு. ஆகவே வேலை முடிந்தபின் பட்டையின் இறுக்கத்தைத் தளர்த்தி, எண்ணெய்த் துணியால் துடைத்து வைக்க வேண்டும். வீட்டு மரத்தில் ஆணியும் கம்பியும் புதைந்திருத்தல் இயல்பு. தேடிப் பிடுங்காமல் அறுக்கலாகாது. தோள் துண்டும் கையுறையும் அணிந்து நிற்றல் வேண்டா. சிறு கட்டைகளைத் தள்ளுகோல் கொண்டே நகர்த்துக.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பட்டறைக்குச் செல்லும்போது, 'மரம் இணங்கி நகர்கிறதா, வலிந்து தள்ள வேண்டியிருக்கிறதா?' என்று கேளுங்கள். தள்ள வேண்டியிருக்கிறது என்றால் அன்றே பட்டையை மாற்றச் செய்யுங்கள். பட்டையை விலைக்கு வாங்கலாம். விரலை வாங்க இயலாது.