இனிப்பின் பின் வரும் தளர்ச்சி



குருதியிற் சர்க்கரை மிகுவதால் வரும் தீங்கினை இன்று கொழும்பு மாநகரில் அறியாதார் இலர் எனலாம். ஆனால், அது குறைவதும் உண்டு. நீரிழிவுக்கு மருந்து உண்ணாத ஒருவருக்கும், உண்டு முடித்த சில மணி நேரத்துள்ளேயே அது குறையக்கூடும் என்பதை அறிந்தோர் சிலரே. அக்குறைவைப் பற்றியும், அதனை உணவினாலேயே பெரிதும் நேர்செய்துகொள்ளும் வகை பற்றியும் இன்று சில கூற விழைகின்றேன். யான் மருத்துவன் அல்லேன்; பாடசாலையிற் காலம் கழித்தவன். எனினும், இப்பொருள் பாடசாலைக்குப் புறம்பானதன்று.

நம் பாடசாலைகள் காலை 7.30 மணிக்குத் தொடங்குகின்றன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல வீடுகளில் அதற்குமுன் ஆக்கி உண்ண நேரம் வாய்ப்பதில்லை. சீனி மிகுந்த பால் தேநீர் ஒரு கோப்பை, இசையொலித்து வரும் பாண் வண்டியில் வாங்கிய பணிஸ் ஒன்று, இவையே காலையுணவு. பத்து மணியளவில் மாணவன் ஒருவன் வியர்த்து, கை நடுங்கி, நெஞ்சு படபடக்க மேசைமீது தலை சாய்க்கின்றான். உண்ணவில்லையா என்று வினவினால், உண்டேன் என்கின்றான். உண்டவனுக்கு ஏன் இந்நிலை?

பணிசும் சீனியும் விரைவிற் செரித்துக் குருதியிற் கலப்பவை. சர்க்கரை திடீரென உயர்ந்ததும் சதையி இன்சுலினை மிகுதியாகச் சுரக்கின்றது. சிலரிடத்து, உயர்வு தணிந்த பின்னரும் இன்சுலினின் செயல் ஓய்வதில்லை. எனவே, உண்டு இரண்டு முதல் நான்கு மணி நேரத்திற் சர்க்கரை வேண்டிய அளவுக்குக் கீழே இறங்கிவிடுகின்றது. அதனை மீட்க உடல் அதிரினலினைச் சுரக்க, வியர்வையும் நடுக்கமும் தோன்றுகின்றன. மூளைக்கு வேண்டிய சர்க்கரை குன்றுவதாற் சிந்தை கலங்குகின்றது. 1921 இல் கனடாவின் டொறொன்ரோ நகரிற் பான்ரிங், பெஸ்ற் ஆகியோர் இன்சுலினைக் கண்டறிந்தனர். மூன்றாண்டுகளின் பின், 1924 இல், அமெரிக்க மருத்துவர் சீல் ஹரிஸ், இன்சுலினை ஊசியாக ஏற்றாதவரிடத்தும் அதன் மிகுதியால் இத்தளர்ச்சி தோன்றக்கூடும் என்று எழுதினார்.

ஆயினும், வியர்த்தவர் அனைவருக்கும் இதுவே காரணமென்று துணிதல் தவறு. அறிகுறி தோன்றல், அவ்வேளையிற் குருதிச் சர்க்கரை குறைந்திருத்தல், சர்க்கரை உயர்ந்ததும் அறிகுறி நீங்கல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைதல் வேண்டும். நீரிழிவு இல்லாதவரிடத்து, டெசிலீற்றருக்கு 55 மில்லிகிராமுக்குக் கீழ்ப்படுவதையே மருத்துவர் பொதுவாகக் குறைவென்பர். பலருக்கு நடுக்கம் இருக்கும். சோதித்தாற் சர்க்கரை இயல்பாகவே இருக்கும். ஆகவே, தளர்ச்சி வரும் நேரத்திலேயே சோதித்தறிவது நன்று.

இனி, நாம் செய்யும் பெரும்பிழை யாதெனிற் கூறுவேன். தளர்ந்தவருக்குச் சோடாப்போத்தல் ஒன்றை வாங்கிக் கொடுக்கின்றோம், அவரும் தெளிகின்றார். அன்று முதல் அதுவே வழக்கமாகின்றது. அந்நேரத்துக்கு மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரிற் கரைத்துக் கொடுப்பது தக்க முதலுதவியே. ஆனால், முதலுதவி வேறு, உணவு வேறு. கால் மணி நேரத்திற் தெளிந்ததும் பருப்போ முட்டையோ சேர்ந்த உணவொன்றை உண்ணாவிடிற் சீனி மீண்டும் ஏறும், மீண்டும் இறங்கும். 2016 முதல் இலங்கையில் மென்பானப் போத்தல்களுக்கு நிறக்குறியீடு நடைமுறைக்கு வந்தது. நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்ட சீனி இருப்பின் அது சிவப்பு. அத்தகைய பானம் 400 மில்லிலீற்றர் அருந்தினால், ஏறத்தாழ ஒன்பது தேக்கரண்டிச் சீனியை ஒரே வேளையில் விழுங்குகின்றோம்.

நேரிய வழி நம் அடுக்களையிலேயே உளது. தவிடு நீக்காத சிவப்பரிசி, குரக்கன், பயறு, கடலை ஆகியன மெல்லச் செரிப்பவை. இடியப்பத்தைச் சொதியுடனும் சம்பலுடனும் மட்டும் உண்ணாது, எண்ணிக்கையைக் குறைத்து, பருப்புக் கறியோ முட்டையோ மீனோ சேர்த்துக்கொள்க. கீரையையும் கறியையும் முதலில் உண்டு, சோற்றைப் பின்னர் உண்பின் சர்க்கரை மெல்லவே உயரும். வயிறு நிறைய ஒரு வேளை உண்டு நெடுநேரம் வெறுவயிறாய் இருப்பதிலும், மூன்று மணிக்கொரு முறை சிறிது சிறிதாக உண்பது மேல். இடைவேளைக்கு அவித்த கடலையோ ஒரு பிடி கச்சானோ பிள்ளையின் பையிற் போதும். பழத்தைப் பிழிந்து சீனி சேர்க்காது, பழமாகவே உண்க. வெறுவயிற்றில் மதுவருந்துதல் இக்குறையை மிகுவிக்கும்.

இரைப்பையிற் சத்திரசிகிச்சை செய்துகொண்டோருக்கும், நீரிழிவின் தொடக்கநிலையில் உள்ளோருக்கும் இத்தளர்ச்சி வருவதுண்டு. ஆதலின், அடிக்கடி நேரின் மருத்துவரை நாடுக. இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ கொள்வோர் சர்க்கரை குறையும்போது யான் கூறிய உணவு மாற்றத்தோடு அமையாது, மருந்தின் அளவைப் பற்றி மருத்துவரிடம் உடனே வினவுதல் வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது.

பெற்றோரே, ஆசிரியரே, முற்பகலிற் தலை சாய்க்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று கடியுமுன், அவன் காலையில் உண்டது யாதென்று கேளுங்கள். உண்டானா என்பது மட்டும் போதாது. எதனை உண்டான் என்பதே வினா. அதற்கு விடை கண்டால், மறுநாட் காலை அவன் தட்டில் என்ன இடவேண்டும் என்பது தானே விளங்கும்.