கல்லில் எழுதிய நீதி: பாபிலோனும் காவிரிக்கரையும்



நீதிமன்றத்தையும் கல்வெட்டையும் ஒருசேர நேசித்த ஒரு பெரியவரின் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறது. அந்த இரண்டும் கூடும் இடத்திலிருந்தே பேச விரும்புகிறேன். சட்டம் இயற்றுவது அரசுக்கு எளிது. நீதி கேட்டு வருபவனின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும்படி அதை வைப்பதுதான் அரிது. பாபிலோன் அந்த அரிய காரியத்தை முயன்று பார்த்தது. நம் காவிரிக்கரையும் தன் வழியில் முயன்றது. இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

1. சூசாவில் கிடைத்த கல்

1901-02 குளிர்காலத்தில் ஈரானின் சூசா நகரில் பிரெஞ்சு அகழாய்வாளர்கள் மூன்று துண்டுகளாகக் கிடந்த ஒரு கருங்கல் தூணைக் கண்டெடுத்தார்கள். உயரம் சுமார் இரண்டேகால் மீட்டர். உச்சியில் நீதிக்குரிய சூரியதேவன் சமாசின் முன் பாபிலோன் மன்னன் ஹம்முராபி நிற்கிறான். கீழே அக்காத் மொழியில், ஆப்பெழுத்தில், ஏறத்தாழ 282 விதிகள். கி.மு. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல் இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

உலகின் முதல் சட்டத் தொகுப்பு இதுவே என்று பலர் சொல்வதுண்டு. ஆனால் ஊர் என்ற நகரத்து மன்னன் ஊர்நம்முவின் தொகுப்பு இதற்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு மூத்தது. ஹம்முராபியின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. அநீதிக்கு ஆளானவன் இந்தக் கல்லின் முன் வரட்டும், எழுதியிருப்பதை வாசிக்கக் கேட்கட்டும், தன் வழக்கின் நியாயத்தைத் தெரிந்து மனம் ஆறட்டும் என்ற கருத்தை அவன் கல்லின் முடிவுரையில் பொறித்தான். எழுத்தறிந்தவர் மிகச் சிலராக இருந்த காலத்தில், படிக்கத் தெரியாதவனையும் நினைத்து எழுதிய வரிகள் அவை.

அக்காலத்துத் தீர்ப்புக் களிமண் பலகைகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அவற்றில் இந்த விதிகளை எடுத்துக்காட்டித் தீர்ப்புச் சொன்னதைக் காண்பது அரிது. ஆகவே இது நடைமுறைச் சட்டமா, மன்னனின் நீதிப் பறைசாற்றலா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஆனாலும் மெசபடோமியப் பள்ளிகளில் ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக மாணவர்கள் இதைப் படியெடுத்துப் பயின்றார்கள். முட்டும் மாட்டை அடக்கி வைக்காத உரிமையாளனின் பொறுப்பைப் பற்றிய விதி, விவிலியத்தின் யாத்திராகமத்தில் மிக நெருங்கிய வடிவில் வருகிறது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ரோமாபுரி மக்கள் தங்கள் பன்னிரு பலகைச் சட்டத்தைப் பொது மன்றத்தில் வைத்தார்கள். ஒன்றிலிருந்து ஒன்று நேராகப் பிறந்தது என்று நான் வாதிட மாட்டேன். எழுதி வைத்த சட்டத்தை மக்கள் முன் வைக்க வேண்டும் என்ற தேவை மட்டும் ஊர்தோறும் எழுந்தது.

2. கண்ணுக்குக் கண்

ஹம்முராபி என்றதும் நம் நினைவுக்கு வருவது கண்ணுக்குக் கண் என்ற தண்டனை. ஆனால் அந்த விதி எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. உயர்குடியானின் கண்ணைக் கெடுத்தால் கெடுத்தவனின் கண் போகும். எளியவனின் கண்ணைக் கெடுத்தால் சுமார் அரைக் கிலோ வெள்ளி கட்டினால் போதும். அடிமையின் கண் என்றால் அவன் விலையில் பாதி.

நம் மண்ணில் இதே எண்ணம் எப்படி வந்தது? கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனைப் பெரியபுராணம் பாடுகிறது. விக்கிரம சோழன் காலத்துத் திருவாரூர்க் கல்வெட்டும் அதைச் சொல்கிறது. இலங்கையின் மகாவம்சம் அதையே எல்லாளன் மேல் ஏற்றிச் சொல்கிறது. பாபிலோனில் பாதிக்கப்பட்டவரின் தகுதி தாழத் தாழத் தண்டனையும் தாழ்ந்தது. இந்தக் கதையிலோ வாயில்லா உயிரின் வழக்கு இளவரசன் வரை ஏறுகிறது.

கதையின் உயரத்தில் நடைமுறை எப்போதும் நின்றதில்லை. சோழ இளவரசன் இரண்டாம் ஆதித்தனைக் கொன்ற குற்றத்துக்கு ஆளான அந்தண அதிகாரிகளும் உறவினரும் உடைமை இழந்ததையே இராசராசன் காலத்து உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. குலத்தைப் பார்த்து நடந்த நீதி இங்கும் இருந்தது. அதை மறைத்துவிட்டுப் பெருமை பேசுவது வரலாறாகாது.

ஆனால் இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வேட்டையில் விலங்குக்கு எய்த அம்பு தவறி மனிதன்மேல் பாய்ந்த வழக்குகள் சோழர் கல்வெட்டுகளில் உண்டு. சபையார் கூடி, கொல்லும் நோக்கம் இல்லை என்று கண்டு, உயிருக்கு உயிர் கேட்காமல் கோயிலில் நந்தா விளக்கு எரிக்கச் சொன்னார்கள். ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 96 சாவா மூவாப் பேராடுகள். சண்டையில் அடித்தவன் ‘வேண்டுமென்று அடிக்கவில்லை’ எனச் சத்தியம் செய்தால் மருத்துவச் செலவோடு விடும் விதி ஹம்முராபி கல்லிலும் இருக்கிறது. செயலோடு நோக்கத்தையும் எடை போட வேண்டும் என்பதை இரு நாட்டாரும் உணர்ந்திருந்தார்கள்.

3. கரையும் கணக்கும்

பாபிலோனின் யூப்ரடீசைப் போலவே காவிரியும் வாய்க்காலால் வாழவைக்கும் ஆறு. தன் பங்குக் கரையைப் பலப்படுத்தாமல் விட்டு, உடைப்பெடுத்து அடுத்தவன் பயிர் அழிந்தால், அந்தத் தானியத்தை அவனே ஈடுகட்ட வேண்டும் என்கிறது ஹம்முராபியின் விதி. கல்லணையும் உய்யக்கொண்டான் வாய்க்காலும் உள்ள திருச்சிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊரார் கூடி நீர்நிலைகளைப் பராமரிக்கும் குடிமராமத்து என்ற நம் வழக்கமும் இதே பொறுப்பிலிருந்து வந்தது. அதைக் கட்டாயமாக்க 1858இல் சென்னை மாகாண அரசு ஒரு சட்டமே கொண்டுவந்தது.

ஆள்பவனைக் கட்டும் விதிகள் இன்னும் முக்கியம். முத்திரையிட்ட தீர்ப்பை மாற்றிய நீதிபதி வழக்குத் தொகையைப்போல் 12 மடங்கு கட்டி, இருக்கையையும் நிரந்தரமாக இழப்பான் என்றது பாபிலோன். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஊர்ச் சபையின் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனையும் அவன் நெருங்கிய உறவினரையும் குடவோலைத் தேர்வில் சேர்க்கக் கூடாது என்றன. நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே திறந்திருந்த சபை அது. ஆயினும் கணக்குக் காட்டாதவன் மீண்டும் பதவிக்கு வரக் கூடாது என்ற விதி 1100 ஆண்டு கழித்தும் பழசாகவில்லை.

4. அரங்கத்துச் சுவர்கள்

திருவரங்கம் கோயிலில் 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24ஆம் தொகுதி முழுவதும் அவற்றுக்கே உரியது. சோழர், பாண்டியர், ஹொய்சாளர், விஜயநகரத்தார் என ஆட்சிகள் மாறின. நிலவிற்பனை, வரிநீக்கம், நந்தவனம், அமுதுபடி என உரிமைகளும் கடமைகளும் சுவரில் நின்றன. உடையவர் இராமானுசர் கோயில் பணிகளை ஒழுங்குபடுத்திய வகையைக் கோயிலின் வரலாற்று நூலான கோயிலொழுகு விரித்துரைக்கிறது.

தன் எழுத்தை அழிப்பவன்மேல் ஹம்முராபி நீண்ட சாபம் இட்டான். நம் கல்வெட்டுகளும் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தைச் சொல்லி அச்சுறுத்தின. ஆனால் நம்மவர் இன்னொன்றும் எழுதினார்கள். இந்தத் தருமத்தைக் காக்கப்போகும் வருங்காலத்தவரின் பாதம் தம் தலைமேல் இருக்கட்டும் என்று கொடுத்தவர்களே பணிந்து சொன்னார்கள். பிறக்காதவரிடம் சட்டத்தை ஒப்படைத்த அந்தப் பணிவு என்னை நெகிழ வைக்கிறது.

5. நம் கடமை

கி.மு. 12ஆம் நூற்றாண்டில் ஈலம் நாட்டு மன்னன் ஹம்முராபியின் தூணைக் கொள்ளையடித்துச் சென்றான். அதன் சில பத்திகள் சுரண்டி அழிக்கப்பட்டன. அழிந்த விதிகளில் பலவற்றை மாணவர் எடுத்த களிமண் படிகள் மீட்டுத் தந்தன. கல்லைவிட உறுதியாகக் காத்தது படியெடுத்தவர் கை.

திருப்பணியின்போது மணல்வீச்சில் எழுத்திழந்த கோயில் சுவர்கள் தமிழகத்தில் உண்டு. அவற்றுக்கு மிஞ்சியவை, கல்லின்மேல் தாளை ஒற்றி எடுத்த மைப்படிகள்தாம். மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர 2021இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. இங்குள்ள மாணவர்கள் கல்வெட்டு வாசிக்கக் கற்க வேண்டும், தம் ஊர்க் கோயில் சுவரில் இருப்பதை ஊராருக்கு வாசித்துச் சொல்ல வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

இரண்டாவது, சட்டம் பயில்வோருக்கு. தன் வழக்கின் தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அடுத்தவரைக் கேட்டு நிற்கும் மனிதர் இன்றும் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறார். கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு 1976லேயே சட்டம் வழி திறந்தது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி பெண்களும் பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் வருமானம் எதுவானாலும் இலவச சட்ட உதவி பெறலாம். இது தெரியாமலே தோற்பவர் எத்தனை பேர்! அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் மொழியில் வாசித்துச் சொல்லுங்கள். அந்த உதவியைச் செய்யாத வழக்கறிஞர் எத்தனை வழக்கு வென்றாலும் தொழிலின் பாதியைத்தான் செய்திருக்கிறார் என்பது என் உறுதியான எண்ணம்.